வாளிக்குள் கிடந்த கோஸ் துணி

(வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பல ஆண்டுகளுக்கு முன், வயிற்றுச் சத்திரசிகிச்சை ஒன்றை முடிக்கும் தறுவாயில் இருந்தேன். தைப்பதற்கு முன், எதுவும் வயிற்றுக்குள் தங்கிவிடாதிருக்க, இரத்தத்தை ஒற்றியெடுக்கும் கோஸ் துணிகளை எண்ணுவார்கள். ஒன்று குறைந்தது. தேடியபோது, வாளிக்குள் இரத்தத்தில் ஊறி இன்னொன்றோடு ஒட்டிக் கிடந்தது. நோயாளிக்கு ஒரு தீங்கும் இல்லை. தைத்தேன், மறந்துவிட்டேன்.

சிகிச்சையில் நேர்ந்த பிசகுகளைப் பேசும் அந்த மாதக் கூட்டத்தில் மயக்க மருந்து நிபுணர் இதை எடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லையே! அப்போது ஓர் இளம் தாதி தயங்கித் தயங்கிச் சிங்களத்தில் பேசினார். கணக்குப் பிசகுவது தமக்கு முன்பே தெரியும் என்றும், நான் அவசரப்பட்டதால் வாய் திறக்கவில்லை என்றும் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

யார் பிழை என்று கேட்டிருந்தால் அவர் அழுதிருப்பார், கூட்டமும் கலைந்திருக்கும். மூத்த தாதி வேறொன்று கேட்டார்: "எண்ணிக்கைப் பலகை எங்கே இருந்தது?" என் முதுகுக்குப் பின்னால். மறுநாளே அதை என் கண்ணெதிரே மாட்டினோம். கணக்குச் சரியாகும்வரை தையல் ஊசி என் கைக்கு வராது என்றும் முடிவாயிற்று.

பொஸ்டன் நகரில் ஏர்னஸ்ட் கொட்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1911 முதல் 1916 வரை தம் சிறு வைத்தியசாலையிலிருந்து வெளியேறிய 337 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து, 123 பிழைகளைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். அந்தத் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் பிழையைக் காணத் தலைவரின் கண் மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சச் சத்திரசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியல், கத்தி வைக்குமுன் எல்லோரும் தம் பெயரையும் பணியையும் சொல்லச் சொல்கிறது. அந்தத் தாதியின் பெயரை நான் அறிந்ததே அன்றைய கூட்டத்தில்தான்.

கொழும்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டளை ஆங்கிலத்தில், முணுமுணுப்பு சிங்களத்திலோ தமிழிலோ. மனத்தில் பட்டதை அவரவர் மொழியில் சொல்லவிட்டு, பக்கத்தில் இருப்பவர் மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

வாளியைக் கையாண்ட சிற்றூழியரை அன்று யாரும் அழைக்கவில்லை. அடுத்த மாதம் அழைத்தோம். கதவோரமாகவே நின்றார். நாற்காலி போட்டு உட்காரவைத்த பிறகு சொன்னார்: "ஐயா, முந்தைய நோயாளியின் வாளியை நான் எடுத்துப்போவதற்குள் அடுத்தவரை உள்ளே கொண்டுவந்துவிடுகிறீர்கள்."