துடிக்கும் தசையும் தூங்காத கண்ணும்

தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னை மிகவும் பெருந்தன்மையோடு அறிமுகப்படுத்திய செயலாளர் அவர்களே, எனக்கு முன் பேசிய நரம்பியல் மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, இடம் இல்லாமல் நின்றுகொண்டே கேட்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம். மருத்துவர் அம்மா இருக்கும் மேடையில் தசைத் துடிப்பைப் பற்றிப் பேச அவரே அனுமதி கொடுத்தார். அவருக்கு முதல் நன்றி.

மூன்று விஷயங்கள் சொல்ல வந்திருக்கிறேன். தசை ஏன் தானாகத் துடிக்கிறது, எப்போது கவலைப்பட வேண்டும், அதற்கு என்னென்ன பரிசோதனைகள் இருக்கின்றன.

தண்டுவடத்திலிருந்து வரும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் பல தசை இழைகளை ஆள்கிறது. நாம் நினைக்காமலே அந்த நரம்பு ஒருமுறை தூண்டப்பட்டால் அத்தனை இழைகளும் சேர்ந்து சுருங்கிவிடும். தோலுக்கடியில் ஏதோ நெளிவது போலத் தெரியும். இமையிலும் கெண்டைக்காலிலும் இது சர்வ சாதாரணம். ஆரோக்கியமான உடம்பிலும் வரும். தூக்கக் குறைவு, மன அழுத்தம், அளவுக்கு மீறிய காபி, கடுமையான உடற்பயிற்சி, மெக்னீசியம், கால்சியம் போன்ற சத்துகளின் குறைவு, சில மருந்துகள் என்று காரணங்கள் பல. நான் முதலில் சொன்னது தூக்கம். அதற்குத் திரும்ப வருவேன்.

என் நண்பர் ஒருவர். கெண்டைக்கால் துடிக்கிறது என்று ஓர் இரவு கைபேசியில் தேடினார். முதலில் கண்ணில் பட்டது ஏ.எல்.எஸ். அதாவது இயக்க நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் நோய். இயற்பியல் அறிஞர் ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு 1963இல், 21 வயதில் கண்டுபிடிக்கப்பட்டதே, அதேதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? அன்றோடு அவர் தூக்கம் போயிற்று. நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். இடது கொஞ்சம் சிறியதாக இருந்தது. யாருக்குத்தான் இரண்டும் ஒரே அளவில் இருக்கும்? ஆனால் அவருக்கு அது நோயின் சாட்சி. பலம் இருக்கிறதா என்று பார்க்க நுனிக்காலில் நிற்பார், குதிகாலில் நடப்பார், மாடிப்படி ஏறி இறங்குவார். களைத்த தசை இன்னும் அதிகமாகத் துடித்தது. அதைப் பார்த்து மறுபடியும் தேடல். கடைசியில் அவர் மனைவி கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துப் போனார். மருத்துவர் சட்டைப் பொத்தானைப் போடச் சொன்னார், முழங்காலில் தட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார். பலவீனம் இல்லை, தசை மெலிவு இல்லை. தசையின் மின் செயல்பாட்டைப் பார்க்கும் இ.எம்.ஜி. பரிசோதனையும் சரியாக இருந்தது. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது: "இரவில் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?" நண்பரிடம் பதில் இல்லை. இன்றைக்கும் அவருக்கு எப்போதாவது துடிக்கும். துடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? துடிப்போடு பலவீனமும் சேர்ந்தால். கையிலிருந்து பொருள் நழுவுகிறது, கால் தரையில் உரசித் தடுக்குகிறது, தசை மெலிகிறது, பேச்சு குழறுகிறது, விழுங்கும்போது புரையேறுகிறது. இவற்றில் எது வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். இமைத் துடிப்பு சில வாரங்களைத் தாண்டினாலும், கண் முழுதாக மூடிக்கொண்டாலும், கன்னம், வாய் என்று முகத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பரவினாலும் காட்டுங்கள். முகநரம்பை ஒரு ரத்தக்குழாய் அழுத்துவதால்கூட அப்படி வரலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. பூச்சிமருந்து தெளித்தவருக்கு உடம்பெல்லாம் துடித்து, எச்சில் வழிந்து, மூச்சு முட்டினால் அது உயிருக்கே ஆபத்து. ஒரு நிமிடம்கூட வீணாக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

பரிசோதனைகளைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். எது தேவை என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். இருக்கும் நேரத்தை நம் இயக்கத்துக்குக் கொடுக்கிறேன்.

படுக்கையறையில் கைபேசி வேண்டாம் என்று நாம் வீடு வீடாகச் சொல்லி வருகிறோம். அது தூக்கத்தைக் கெடுக்கிறது என்பது ஒரு பக்கம். நள்ளிரவில் தனியாக, களைத்த மூளையோடு நோயைத் தேட வைக்கிறது என்பது இன்னொரு பக்கம். இருட்டையும் அதே கருவி தருகிறது, பேயையும் அதே கருவி காட்டுகிறது. அரண்டவன் கண்ணுக்கு என்று நம் முன்னோர் சொன்னது இந்த இரவு நேரத் தேடலுக்கே சொன்னது போல இருக்கிறது. பகலில் மருத்துவரிடம் கேட்க வேண்டியதை இரவில் திரையிடம் கேட்காதீர்கள். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். காபியை மாலைக்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாசலில் நம் பிள்ளைகள் தாளோடு நிற்கிறார்கள். இன்று இரவு கைபேசியை எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். துடிப்பைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்களுக்காக மருத்துவர் அம்மா இன்னும் அரை மணி நேரம் இங்கேயே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.