ஆறு நொடிக்கு ஒரு சொட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

பாய்ப்படகுக்கு அடிவயிறு என்று ஒன்று உண்டு. நாம் நடக்கும் பலகைகளுக்குக் கீழே, படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவை (கீல்) ஒட்டிக் கிடக்கும் பள்ளம் அது. ஆங்கிலத்தில் பில்ஜ் என்பார்கள்; படகு வைத்திருக்கும் நம்மவர்களும் இன்று அப்படித்தான் சொல்கிறோம். படகுக்குள் நீர் எங்கே புகுந்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நான் இலங்கையின் வடகரையில் இருக்கும் வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவன். எங்கள் ஊரில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்ததை உங்களில் பலர் அறிவீர்கள். மரக்கப்பல் நீர் குடிக்கும். பலகைக்குப் பலகை இடுக்கை அடைத்துக் கலப்பற்று அடித்தாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். என் அம்மாவின் தகப்பனார் தண்டையலாக, அதாவது பாய்க்கப்பலின் தலைவராக, இருந்தவர். விடிந்ததும் ஒரு கோலை அடித்தட்டுக்குள் விட்டு, நனைந்த அளவைப் பார்ப்பாராம். நேற்றும் நான்கு விரல், இன்றும் நான்கு விரல் என்றால் தேநீர் குடிக்கப் போவார். ஐந்து விரல் என்றால் அன்றைக்குத் தேநீர் கிடையாது. கப்பல் முழுவதையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.

நான் இங்கிலாந்தின் தென்கரையில், சவுத்தாம்டனுக்குப் பக்கத்து ஹாம்பிள் ஆற்றில், 26 அடிக் கண்ணாடியிழைப் படகு ஒன்றை நிறுத்தியிருக்கிறேன். 1970களில் கட்டியது. கண்ணாடியிழைப் படகின் உடல் ஒரே வார்ப்பு. பலகை இணைப்பே இல்லாத அந்த உடலுக்குள் நீர் நின்றால் ஏதோ ஒரு குழாயோ வால்வோ தொட்டியோ ஆணியோ தன் வேலையை விட்டுவிட்டது என்று பொருள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபர் மாதத்தில் பலகையைத் தூக்கினேன். ஒரு வாளி நீர் இருந்தது. இறைத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் ஒரு வாளி. பத்து லிட்டர் வாளி அது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிலிட்டருக்கு இருபது சொட்டு என்று வைத்துக்கொண்டால், இரவும் பகலும் ஆறு நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் போதும், இரண்டு வாரத்தில் அந்த வாளி நிறைந்துவிடும். எவ்வளவு சின்னக் கசிவைத் தேடுகிறோம் என்று அப்போதுதான் புரிந்தது.

படகுத்துறையில் பலரும் சொன்ன யோசனை, தானியங்கிப் பம்ப் ஒன்றைப் பொருத்திவிடு என்பது. நீர் ஏறியதும் மிதவை சுவிட்ச் பம்பை இயக்கும், நீர் வெளியே போய்விடும். பம்ப் கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் காரணம் தெரியும் முன்னே அதைப் பொருத்திவிட்டால், கசிவு பத்து மடங்கானாலும் நமக்குத் தெரியாது. பாட்டரி தீர்ந்துபோகும் நாளில்தான் தெரியும். நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே ஒன்றரை அங்குலத் துளை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 100 லிட்டர் உள்ளே வரும். அதைக் கையால் இறைத்து வெல்ல முடியாது. பெரிய துளைகள் பல நேரங்களில் சின்னச் சொட்டாகத்தான் தொடங்குகின்றன.

முதல் கேள்வி, அது கடல்நீரா நன்னீரா என்பது. பழைய மாலுமிகள் விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். டீசல் வாடையோ பச்சை, சிவப்பு நிறமோ இருந்தால் அதைச் செய்யாதீர்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் இனிக்கும், அது நஞ்சு. ஒரு சொட்டைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் காயவிட்டால் போதும். கடல்நீர் என்றால் வெள்ளையாக உப்புப் பூக்கும்.

என் சொட்டில் உப்புப் பூத்தது. ஆகவே கடல்நீர் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு என் குளிர்காலம் முழுவதையும் தின்றுவிட்டது.

எஞ்சின் சுழற்றும் சுழல்தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியே போகும் இடத்தில், நீர் புகாமல் அடைக்கும் கிளாண்ட் இருக்கிறது. கொழுப்பேற்றிய கயிறு சுற்றிய பழைய வகை கிளாண்ட், தண்டு சுழலும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு விட வேண்டும். அந்தச் சொட்டுத்தான் அதைக் குளிரவைக்கிறது. தண்டு நின்றதும் சொட்டும் நின்றுவிட வேண்டும். என்னுடையது நின்றது. அடுத்தது, படகின் உடலில் இருக்கும் துளைகளைத் திறந்து மூடும் கடல் வால்வுகள். ஒவ்வொன்றின் கழுத்திலும், குழாயை இறுக்கும் ஒவ்வொரு பட்டையிலும் மெல்லிய காகிதக் கைக்குட்டையைச் சுற்றிவைத்தேன். கண்ணுக்குத் தெரியாத ஈரத்தைக்கூடக் காகிதம் காட்டிக்கொடுத்துவிடும். பித்தளை வால்வுகளைக் கத்திமுனையால் இலேசாகச் சுரண்டியும் பார்த்தேன். கீறல் மஞ்சளாக மின்னினால் பயமில்லை. இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் கடல்நீர் துத்தநாகத்தைத் தின்றுவிட்டது என்று பொருள். அந்த வால்வு ஒருநாள் பிஸ்கட்டைப் போல உடையும். என் வால்வுகள் மஞ்சள்தான். காகிதங்களும் காய்ந்தே இருந்தன.

மிஞ்சியது ஏரா. அதைப் படகோடு இறுக்கிப் பிடிக்கும் ஆணிகள். இந்த இடத்தில் நான் பயந்தேன் என்று சொல்லத் தயங்கவில்லை. 2014 மே மாதம், கரீபியன் தீவான ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்டனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சீக்கி ரஃபிக்கி என்ற பாய்ப்படகுக்குள் அட்லாண்டிக்கின் நடுவில் நீர் ஏறத் தொடங்கியது. படகில் இருந்தவர்கள் உடலையும் வால்வுகளையும் பார்த்தார்கள். சேதம் எதுவும் தெரியவில்லை. நன்னீர்த் தொட்டி பிளந்திருக்கலாம் என்று நினைத்தார்கள். பிறகு ஏரா கழன்று படகு கவிழ்ந்தது. நான்கு பேரும் கிடைக்கவேயில்லை. முன்பு தரைதட்டிய நிகழ்வுகளும் பிறகு செய்த பழுதுபார்ப்புகளும் ஏரா பொருந்தும் இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை 2015இல் அறிக்கை தந்தது. அந்த நால்வரும் தேடாமல் இருக்கவில்லை. நடுக்கடலில், ஆடும் படகுக்குள், நீர் ஏறிக்கொண்டிருக்கும்போது யாராலும் சரியாகத் தேட முடியாது. கரையில் கட்டியிருக்கும்போதே தேடுங்கள் என்று நான் மன்றாடுவதற்கு அதுதான் காரணம்.

என் படகைத் தூக்கி நிறுத்திப் பார்த்தோம். ஆணித் தலைகளில் துரு வடியவில்லை; ஏராவும் உடலும் சேரும் கோட்டில் விரிசலும் இல்லை. அப்போதுதான் ஓர் உண்மை உறைத்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் கடலில் கிடந்த படகின் மூலைமுடுக்கெல்லாம் உப்புப் படிந்திருக்கும். அதன்மேல் மழைநீர் ஓடினால் மழைநீரும் உப்பு நீராகிவிடும். பில்ஜை நல்ல தண்ணீரால் மூன்று முறை கழுவித் துடைத்துக் காயவைத்தேன். அடுத்து வந்த நீர்ச்சொட்டைக் கண்ணாடியில் காயவிட்டேன். உப்பே பூக்கவில்லை.

குடிநீர்த் தொட்டியில் சமையல் நிறப்பொடியைக் கரைத்துவிட்டேன். பில்ஜ் நீரில் நிறம் வரவில்லை. பலகையின் அடியில் பென்சிலால் நீர்மட்டத்தையும் தேதியையும் குறித்துவந்தேன். மழை பெய்த வாரங்களில் மட்டும் மட்டம் ஏறியிருந்தது. ஆறு நொடிச் சொட்டு என்ற என் கணக்கு இங்கேதான் தவறியது. நாளெல்லாம் சொட்டியதாக நான் நினைத்த நீர், மழை நாட்களில் மொத்தமாக வந்திருக்கிறது.

மேலே மனைவி ரப்பர்க் குழாயோடு நின்றார். உள்ளே நான் டார்ச் விளக்கோடு படுத்திருந்தேன். மேல்தளத்தின் தாழ்ந்த இடத்தில் தொடங்கி ஒவ்வொரு பொருத்துக்கும் பத்து நிமிடம் நீர் பிடிக்க வேண்டும். உயரத்தில் தொடங்கினால் நீர் எல்லாவற்றின்மீதும் வழிந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். "வருகிறதா?" என்று அவர் கேட்பார். "இல்லை, அடுத்ததுக்குப் பிடியும்" என்பேன். ஒன்றரை மணி நேரம் இதே பேச்சு. பிறகு, வலப்பக்கத்தில் பாய்மரக் கம்பியைத் தாங்கும் எஃகுப் பட்டை தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில், உள்சுவரின் துணி ஒரு காசளவு கறுத்தது. அதற்குப் பின்னால் ஒரு நூல்போல நீர் இறங்கியது. அங்கிருந்து அலமாரியின் பின்பக்கமாக ஓடி, குறுக்குச் சட்டங்களில் நீர் போவதற்கென்று விட்டிருக்கும் சிறு துளைகளின் வழியாகப் பில்ஜை அடைந்திருக்கிறது. புகுந்த இடத்துக்கும் தேங்கிய இடத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர்.

மழைநீர்தானே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. அந்தப் பட்டையைக் கழற்றியபோது, தளத்துக்குள் மறைந்திருந்த பகுதியில் நகக்கண் அளவுக்குப் பழுப்புக் குழிகள் இருந்தன. துருப்பிடிக்காத எஃகும் காற்றுப்படாத ஈரத்தில் அரிக்கும். அது அறுந்தால் பாய்மரம் சாயும். புதுப் பட்டை போட்டு, ஓட்டையைச் சுரண்டி உலர்த்தி, ஈரம் புகாதபடி எபாக்ஸிப் பிசின் ஊற்றி, அதன்பிறகே பசை வைத்து மூடினோம். மேலே மட்டும் பசை பூசியிருந்தால் அடுத்த கோடையிலேயே பிளந்திருக்கும்.

இப்போதும் ஒவ்வொரு முறையும் படகில் ஏறியதும் பலகையைத் தூக்குகிறேன். எஞ்சின் ஓட்டிவந்த நாட்களில் ஒரு தேநீர்க் கிண்ணமளவு நீர் இருக்கும். அது கிளாண்ட் விட்ட சொட்டு. பலகையின் அடியில் பென்சில் கோடுகள் நீண்டுகொண்டே போகின்றன. கடைசிக் கோடு போன ஞாயிற்றுக்கிழமை போட்டது. அதற்கு முந்தைய கோட்டின் மேலேயே விழுந்திருக்கிறது.

வணக்கம்.