அறக்கட்டளை: பத்திரத்துக்கு முன்னும் பின்னும்

அவைத்தலைவர் அவர்களுக்கும், பெற்றோர் பெயரிலோ தம் தொழிலின் பெயரிலோ ஓர் அறக்கட்டளை தொடங்கும் எண்ணத்தோடு வந்திருக்கும் அன்பர்களுக்கும் என் வணக்கம்.

இத்தகைய கூட்டங்களில் முதலில் எழும் கேள்வி பெரும்பாலும் வரிவிலக்கைப் பற்றியதாகவே இருக்கும். அதற்குப் பிறகு வருகிறேன். ஏறத்தாழ இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட ஓர் உயிலிலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

ஏழைக் குடும்பத்தில் பிறந்து, துபாஷியாக, அதாவது ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், தொழில் செய்து பெரும் பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794 மார்ச் மாதத்தில், நாற்பது வயதளவில், தம் செல்வத்தைக் கோயில் கைங்கரியங்களுக்கும் அறச்செயல்களுக்கும் ஒதுக்கி உயில் எழுதிவைத்து, அந்த மாதம் முடிவதற்குள்ளேயே மறைந்தார். அவருடைய எண்ணத்தில் குழப்பம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆயினும் அந்தச் செல்வம் வழக்குகளில் சிக்கிப் பல பத்தாண்டுகள் நீதிமன்றத்தின் வாசலிலேயே கிடந்தது. பின்னர் சென்னையின் அட்வகேட் ஜெனரலாக, அதாவது அரசின் தலைமை வழக்கறிஞராக, இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முனைந்து ஈடுபட்டதன் பயனாக, அறத்துக்கென ஒரு திட்டம் நீதிமன்றத்தால் வகுக்கப்பட்டு, கைங்கரியங்களுக்குப் போக எஞ்சிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842 ஜனவரி முதல் நாள் பள்ளி திறக்கப்பட்டது. அதுவே 1889இல் கல்லூரியாக உயர்ந்தது. உயிலுக்கும் பள்ளிக்கும் இடையே நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கொடையாளர் இன்ன அறம் நடக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். நடத்த வேண்டியவர்கள் நடத்தாவிட்டால் யார் கேட்பது, எந்த வழியில் கேட்பது என்பதற்கு விடையை நீதிமன்றமே பின்னாளில் உருவாக்க நேர்ந்தது. நான் இன்று சொல்ல வந்திருப்பது பெரும்பாலும் அந்த விடையை நீங்கள் உயிரோடும் திடத்தோடும் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்பதைப் பற்றித்தான்.

அமைப்பின் வடிவம் குறித்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் பொதுநல அமைப்பை மூன்று வகையில் தொடங்கலாம்: பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் டிரஸ்ட், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்கீழ் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து அமைக்கும் சங்கம், கம்பெனிகள் சட்டம் 2013இன் எட்டாம் பிரிவின்கீழ் அமையும் லாப நோக்கமற்ற கம்பெனி. சங்கத்தில் ஆண்டுதோறும் பொதுக்குழு கூடும். கேள்வி கேட்க உறுப்பினர் இருப்பார்கள். கம்பெனியில் பதிவாளரிடம் ஆண்டறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். டிரஸ்டில் இவை இரண்டும் இல்லை. நம்மவர்களில் பெரும்பாலோர் டிரஸ்டைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணமும் இதுவே என்பதை நாம் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ளலாம். மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அறக்கொடை ஆணையர் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். அறங்காவலர் மாற்றத்தையும் சொத்து விற்பனையையும் அவரிடம் கொண்டு செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இந்துக் கோயில்களுக்கும் அவற்றைச் சார்ந்த அறக்கட்டளைகளுக்கும் அறநிலையத்துறை இருக்கிறது. கல்வி, மருத்துவம் போன்ற பொது அறங்களை நடத்தும் டிரஸ்டுகளுக்கு அத்தகைய பொதுவான கண்காணிப்பாளர் எவரும் இல்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்டுகள் சட்டமும் தனியார் டிரஸ்டுகளுக்காகவே எழுதப்பட்டது. பொது அறக்கட்டளைகளை அது தன் முதற்பிரிவிலேயே விலக்கிவைக்கிறது. ஆகவே இங்கே உங்கள் அமைப்புக்குச் சட்டமாக நிற்கப்போவது முதன்மையாக உங்கள் பத்திரமே. அதில் எழுதாமல் விட்டது, வழக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும்.

அப்படிப்பட்ட பத்திரத்தை எவ்வளவு அலட்சியமாக எழுதுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிரே ஏற்கெனவே கணினியில் இருக்கும் ஒரு பழைய பத்திரத்தில் பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றி அச்சிட்டுக்கொள்வது பரவலான வழக்கம். அந்தப் பழைய பத்திரத்தில் பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, முதியோர் இல்லம், கோசாலை, நூலகம், விளையாட்டு, மரம் நடுதல் என்று உலகத்தின் நற்செயல்கள் அனைத்தும் நோக்கங்களாக வரிசையிட்டிருக்கும். எதிர்காலத்தில் எது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்ற முன்னெச்சரிக்கை என்று இதற்கு விளக்கம் சொல்வார்கள். அது முன்னெச்சரிக்கை ஆகாது. கல்வி நிறுவனம் என்ற பெயரில் வரிவிலக்குக் கோரும் அமைப்பின் நோக்கம் கல்வி மட்டுமாகவே இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பரந்த பட்டியல் அங்கே பாதகமாகவே முடிந்தது. அது ஒருபுறம் இருக்க, எல்லாவற்றையும் செய்யலாம் என்று எழுதப்பட்ட அமைப்பில், பணம் நோக்கத்துக்குப் புறம்பாகச் செலவானது என்று எந்த அறங்காவலரும் எழுந்து சொல்ல முடியாது. நீங்கள் செய்யப்போவது உங்கள் வட்டத்து அரசுப் பள்ளி மாணவியருக்கான உதவித்தொகை என்றால், அதையும் அதனோடு நெருங்கிய ஒன்றிரண்டையும் எழுதுங்கள். பிற்காலத்தில் விரிவுபடுத்துவதற்கான வழியைத் திருத்த விதியாகத் தனியே வையுங்கள். அந்தத் திருத்தம் நோக்கத்தை அடியோடு மாற்றுவதாக இருக்கக் கூடாது என்பதையும், எத்தனை அறங்காவலர்களின் ஒப்புதல் வேண்டும் என்பதையும் குறிப்பிடுங்கள். திருத்த விதியே இல்லாத பத்திரத்தைத் திருத்த நீதிமன்றம் போக நேரும். நோக்கத்தைத் திருத்தினால் முப்பது நாட்களுக்குள் வருமான வரித்துறையில் பதிவுக்கு மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

அடுத்து அறங்காவலர்கள். இங்கேதான் நான் சற்று நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அறக்கட்டளைகள் பெரும்பாலும் இங்கேதான் சீர்குலைகின்றன. வழக்கமான பத்திரத்தில் நிறுவனர் ஆயுட்கால நிர்வாக அறங்காவலர்; அவர் துணைவியார் ஓர் அறங்காவலர்; மகன் ஒருவர்; மருமகளோ மைத்துனரோ இன்னொருவர். காசோலையில் கையெழுத்திடும் உரிமை நிறுவனருக்கு மட்டும். அவருக்குப் பின் மூத்த மகனுக்கு. கூட்டம் நடந்ததாகத் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்படும். ஆடிட்டர் கேட்கும்போது எல்லோரும் ஒரே நாளில், ஒரே பேனாவில் கையெழுத்திடுவார்கள். இதில் தீய எண்ணம் எதுவும் இல்லை என்பதை நான் அறிவேன். என் பணத்தை நான் கொடுக்கிறேன், யாரைக் கேட்க வேண்டும் என்ற இயல்பான உணர்வுதான் அது. ஆனால் பத்திரத்தில் கையெழுத்திட்டு அந்தத் தொகை டிரஸ்டின் கணக்குக்குப் போன நொடியிலேயே அது உங்கள் பணமாக இல்லாமல் போய்விட்டது. நீங்கள் அந்தப் பணத்தைப் பிறருக்காகக் காக்கும் பொறுப்பாளர்களில் ஒருவர். மகனுக்கு நீங்கள் கொடுத்துச் செல்வதும் அந்தப் பொறுப்பையே. அதற்கு அவர் தகுதியுடையவரா என்பதைப் பாசத்தோடு கலக்காமல் பார்ப்பது எளிதன்று.

உத்திரமேரூர்க் கல்வெட்டை மேடைகளில் குடவோலைக்காக மட்டுமே நினைவுகூர்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்தில், 921ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட அந்த விதிகளில், வாரியத்தில், அதாவது ஊர்ச்சபையின் நிர்வாகக் குழுவில், இருப்போர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் விலக்கப்பட்டார். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமின்றி, அவருடைய நெருங்கிய உறவினரும், முறை முறையாகப் பெயர் சொல்லி விலக்கப்பட்டனர். அது ஊராட்சிக்கான விதி, அறக்கட்டளைக்கு எழுதப்பட்டதன்று. ஆயினும் வயது வரம்பு, பதவிக்கால இடைவெளி, கணக்குப் பொறுப்பு, உறவினர் விலக்கு ஆகிய நான்கையும் கல்லில் வெட்டிய மண்ணில், இன்றைய பத்திரங்களில் இவற்றில் ஒன்றுகூட இல்லாதிருப்பதை என்னால் எளிதாக ஏற்க இயலவில்லை.

என் பரிந்துரை இது. ஐந்து அல்லது ஏழு அறங்காவலர்கள் போதும். அவர்களில் குடும்பத்தினர் பாதிக்கும் குறைவாக இருக்கட்டும். மற்றவர்கள் உங்களிடம் சம்பளமோ ஒப்பந்தமோ கடனோ பெறாதவர்களாக இருக்கட்டும், ஏனென்றால் முகம் முறியாமல் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய ஒருவராவது குழுவில் இருந்தால்தான் அது குழு. ஒவ்வொருவருக்கும் மூன்றாண்டோ ஐந்தாண்டோ பதவிக்காலம், ஒருமுறை மறுநியமனம், அதன்பின் இடைவெளி. வங்கிக் கணக்கில் இருவர் கையெழுத்து, அவர்களில் ஒருவர் குடும்பத்துக்கு வெளியே உள்ளவர். தமக்கோ தம் உறவினருக்கோ தொடர்புடைய எந்தப் பொருளிலும் அந்த அறங்காவலர் அதைத் தெரிவித்துவிட்டு வெளியேற வேண்டும், அவர் வெளியேறியது தீர்மானத்தில் பதிவாக வேண்டும். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை அறங்காவலர்கள் வந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். நிறுவனருக்கென ஒரு சலுகை வைக்க ஆசைப்பட்டால், நோக்கத்தை மாற்றும் தீர்மானத்தைத் தடுக்கும் உரிமையை ஆயுள் முழுவதும் வைத்துக்கொள்ளுங்கள்; செலவு செய்யும் தனியுரிமையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

பணத்தைப் பற்றிப் பேசும்போது, சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் சாவாமூவாப் பேராடுகளை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையாவிளக்கு, எரிய 96 ஆடுகளைக் கொடுப்பார்கள். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடுகள் செத்தாலும் மூத்தாலும் குட்டிகளைக் கொண்டு மந்தையின் எண்ணிக்கையை அவர் காத்துக்கொள்ள வேண்டும். நெய் மட்டுமே செலவு. மூலநிதி, அதாவது ஆடிட்டர்கள் கார்பஸ் என்று சொல்வது, இதே ஏற்பாடுதான். நன்கொடை கொடுப்பவர் "இது மூலநிதிக்கு" என்று எழுத்து மூலமாகச் சொன்னால்தான் அது அப்படிக் கணக்கில் வரும்; அதைச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில் மட்டுமே வைக்க வேண்டும். தம் குடும்பக் கம்பெனியின் பங்குகளை டிரஸ்டுக்கு எழுதிவைக்க எண்ணுவோர் டாட்டா குடும்பத்து அறக்கட்டளைகளை முன்மாதிரியாகச் சொல்வார்கள். அவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வந்தவை. 1973 ஜூன் முதல் நாளுக்கு முன்பே மூலநிதியாக இருந்த சொத்துக்குச் சட்டத்தில் தனி விலக்கு இருக்கிறது. இன்று தொடங்குபவருக்கு அந்தக் கதவு திறந்திருக்கவில்லை.

இப்போது வரிவிலக்கு. 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டதால், 12ஏ (அமைப்பின் வரிவிலக்குக்கான பதிவு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிக்கழிவு) என்று நாம் வாயில் பழக்கி வைத்திருக்கும் பிரிவு எண்கள் மாறுகின்றன. அடிப்படை விதிகள் பெரும்பாலும் அப்படியேதான். பதிவு பெற்ற அமைப்பு தன் ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை அறநோக்கத்துக்குச் செலவிட வேண்டும். குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காகச் சேர்த்துவைக்க வேண்டுமானால் முன்கூட்டியே படிவம் தாக்கல் செய்து ஐந்தாண்டு வரை வைத்திருக்கலாம். 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு வரிக்கழிவு கிடைக்காது. இவற்றை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். அவரால் பார்த்துக்கொள்ள முடியாத ஒன்று, நிறுவனருக்கும் பெரிய நன்கொடையாளருக்கும் அறங்காவலருக்கும் அவர்களுடைய உறவினருக்கும் டிரஸ்டின் பணத்தால் பயன் போகக்கூடாது என்ற விதி. வியாபாரத்தில் நெருக்கடி வரும்போது "மூன்று மாதத்துக்கு மட்டும்" டிரஸ்டிலிருந்து வட்டியில்லாமல் எடுப்பதும், சொந்தக் கட்டடத்தைச் சந்தை வாடகைக்கு மேல் டிரஸ்டுக்கு விடுவதும், டிரஸ்ட் வாங்கிய கார் வீட்டு வாசலில் நிற்பதும் இதில் அடங்கும். உறவினருக்குச் சம்பளமே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. செய்த வேலைக்கு நியாயமானதாக இருக்க வேண்டும் என்கிறது. நியாயமானது என்பதைத் தீர்மானிப்பவர் அந்த உறவினராகவோ அவருடைய தந்தையாகவோ இருந்தால், விளக்கம் சொல்லும் நாள் ஒன்று வரும்.

வெளிநாட்டு நன்கொடையை இப்போதைக்கு எண்ண வேண்டாம் என்பேன். பொதுவாக மூன்றாண்டு செயல்பாடும் அந்த மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்டிய பிறகே பதிவு கிடைக்கும். பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்கின் முதன்மைக் கிளையில்தான் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. வேறு அமைப்புக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் வழியில்லை.

இத்தனைக்குப் பிறகும் தவறு நடந்தால் யார் கேட்பது? சிவில் நடைமுறைச் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, அட்வகேட் ஜெனரலோ, அந்த அறத்தில் அக்கறையுடைய இருவரோ பலரோ நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குத் தொடுத்து, அறங்காவலரை நீக்கவும் கணக்குக் கேட்கவும் புதிய திட்டம் வகுக்கவும் கோரலாம். அக்கறையுடையவர்களுக்குக் கணக்கு கண்ணில் படாவிட்டால் இந்த உரிமை ஏட்டளவில் நிற்கும். ஆண்டறிக்கையையும் தணிக்கைக் கணக்கையும் தமிழில், உதவி பெறுவோர் படிக்கும் விதத்தில், நீங்களே வெளியிடும் விதியைப் பத்திரத்தில் சேர்த்துவிட்டால் பெரும்பாலான சந்தேகங்கள் வழக்காக வளரா.

கடைசியாக, எழுத எவருக்கும் மனம் வராத விதி ஒன்று இருக்கிறது: கலைப்பு. டிரஸ்ட் என்றென்றும் நடக்கும் என்று நம்பி அதை விட்டுவிடுகிறார்கள். கலைக்கப்பட்ட அறக்கட்டளையின் சொத்து, அது கலைக்கப்பட்ட மாதத்தின் முடிவிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்குள் பதிவு பெற்ற இன்னோர் அறக்கட்டளைக்குப் போய்ச் சேராவிட்டால், கடன் போக மிஞ்சும் சொத்தின் சந்தை மதிப்பின் மீது உச்ச விகிதத்தில் வரி விழும். எஞ்சியிருக்கும் இரண்டு மூன்று முதிய அறங்காவலர்கள் அந்தக் கடைசி ஓராண்டில் தகுந்த அமைப்பைத் தேடி, நம்பி, பேசி, ஒப்படைத்து முடிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஒத்த நோக்கமுள்ள இரண்டு அமைப்புகளை இப்போதே நேரில் போய்ப் பார்த்து, அவர்கள் கணக்கைப் படித்து, அவற்றின் பெயரைப் பத்திரத்தில் எழுதிவையுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அந்தப் பெயர்கள் இன்னும் பொருந்துகின்றனவா என்று குழு பார்த்துத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். பத்திரத்தின் நகலைக் கையோடு கொண்டுவந்திருப்பவர்கள், கேள்வி நேரத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் நாம் அங்கிருந்தே தொடங்கலாம்.