எந்தப் பட்டியலில் முதலிடம்?

(தருமபுரியில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

பழைய இசைத்தட்டு விற்பனைப் பட்டியல்களைப் பற்றிப் பேசப் போகிறேன். பாட்டு பாடிக் காட்டுவேன் என்று நினைத்து யாராவது வந்திருந்தால் இப்போதே எழுந்து போய்விடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர்கள் உட்காருங்கள். மின்விசிறி நன்றாகவே சுற்றுகிறது.

1963-க்குப் போவோம். பீட்டில்ஸ் குழுவின் 'ப்ளீஸ் ப்ளீஸ் மீ' என்ற பாட்டு தனித்தட்டாக, அதாவது சிங்கிளாக, விற்றுக்கொண்டிருந்தது. பிரிட்டனில் அப்போது ஒன்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகள் வாராவாரம் விற்பனைப் பட்டியல் போட்டன. நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் அந்தப் பாட்டுக்கு முதலிடம் தந்தது. மெலடி மேக்கரும் அப்படியே. ரெக்கார்ட் ரீடெய்லர் என்ற வணிக இதழ் மட்டும் இரண்டாம் இடத்திலேயே நிறுத்திவிட்டது. மற்ற இரண்டையும்விடக் குறைவான கடைகளைக் கேட்ட இதழ் அதுதான். அன்று பாட்டுக் கேட்ட இளைஞர்களில் பெரும்பாலோர் புரட்டியதும் அதை அல்ல. ஆனால் பின்னாளில் அறுபதுகளுக்கான அதிகாரபூர்வ வரலாற்றைத் தொகுத்தவர்கள் கையில் எடுத்தது ரெக்கார்ட் ரீடெய்லரைத்தான். விளைவு, 2000-இல் பீட்டில்ஸின் முதலிடப் பாடல்களை மட்டும் சேர்த்து ஒரு தொகுப்பு வந்தபோது அதில் இந்தப் பாட்டு இல்லை. அதே பெயரில் வந்த ஆல்பம் 30 வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் எந்தச் சண்டையும் இல்லை. சண்டை தனித்தட்டுக்குத்தான்.

யார் சரி என்று கேட்பீர்கள். அந்தக் கேள்வியை இன்று நான் கேட்கப் போவதில்லை. யார், எத்தனை கடையில், எப்படிக் கேட்டார்கள் என்பதுதான் என் கேள்வி.

நம் ஊர் அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது யாண்டு, அதாவது ஆட்சியாண்டு, என்று வெட்டியிருக்கும். அரசன் பெயர் சிதைந்துபோய் யாண்டு மட்டும் மிஞ்சிய கல்லை வைத்துக் காலம் சொல்ல முடியுமா? 'மூன்றாம் இடம்' என்பதும் அப்படிப்பட்ட எழுத்துதான். எந்த இதழ், எந்த வாரம், எத்தனை கடை என்று பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த எண் எதையும் சொல்லாது.

பிரிட்டனில் பட்டியல் பிறந்த கதை எளிமையானது. 1952 நவம்பரில் நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ் இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எது அதிகம் போகிறது என்று கேட்டு எழுதினார். அவ்வளவுதான். பிறகு ஆளாளுக்குப் பட்டியல் போட்டார்கள். பிபிசி வானொலிக்குத் தலைவலி: எதைப் படிப்பது? எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. 1968-இல் ஒரு வாரம் அந்தக் கூட்டல் முடிவில் மூன்று பாட்டுகள் ஒன்றாக முதலிடத்தில் வந்து நின்றன. (சிரிப்பு) அதற்குப் பிறகுதான் 1969 பிப்ரவரியில், முந்நூறு கடைகள் வரை எழுதி அனுப்பும் விற்பனைக் குறிப்பேடுகளை வைத்து ஒரே பட்டியல் என்ற ஏற்பாடு வந்தது. அந்தக் குறிப்பேடுகள் தபாலில் வர வேண்டும். 1971-இல் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பட்டியல் தடுமாறியது. பாட்டுக்கும் தபால்காரருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கிறவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம்.

சராசரி ஏன் ஏமாற்றுகிறது? முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே பத்துத் தட்டு வித்தியாசம் இருக்கலாம், பத்தாயிரமும் இருக்கலாம். இடம் மட்டும் தெரிந்தவருக்கு அந்த இடைவெளி தெரியாது. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஐந்தாம் இடத்தில் இருந்த ஆல்பம், கோடைக்கால முதலிடத்தைவிட அதிகம் விற்றிருக்க முடியும். இதைக் கவனிக்காமல் முதலிடத்துக்கு இத்தனை புள்ளி, இரண்டாமிடத்துக்கு இத்தனை என்று போட்டு, ஆண்டு முழுக்கக் கூட்டி, 'இந்த ஆண்டின் மாபெரும் ஆல்பம்' என்று அறிவிக்கிறார்கள். கூட்டலில் பிழை இருக்காது. கூட்டப்பட்ட பொருளில்தான் பிழை.

அமெரிக்காவில் கதை இன்னும் சுவையானது. பில்போர்டு என்ற இசை வணிக இதழ் தன் முதல் ஆல்பம் பட்டியலை 1945 மார்ச் 24-இல் வெளியிட்டது, ஐந்தே இடங்கள். அன்றைய ஆல்பம் என்பது நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள் சிலவற்றை அட்டை உறைகளில் கோத்த கட்டு. பல பாட்டுகள் ஒரே தட்டில் அடங்கும் எல்.பி. 1948-இல்தான் வந்தது. 1959 முதல் 1963 வரை ஒரே தடத்தில் ஒலி வரும் மோனோ தட்டுகளுக்கு ஒரு பட்டியல், இரு தடத்தில் வரும் ஸ்டீரியோவுக்கு வேறு பட்டியல். போட்டிக்கு இன்னொரு பத்திரிகையே வேண்டாம், ஒரே இதழுக்குள் ஒரே ஆல்பத்துக்கு இரண்டு இடங்கள்! இதற்கு வெளியே கேஷ் பாக்ஸ், ரெக்கார்ட் வேர்ல்டு என்று போட்டி இதழ்கள் தனி.

1991 மே மாதம் வரை பில்போர்டு தன் ஆல்பம் பட்டியலைக் கடைகளைக் கேட்டுத்தான் எழுதியது. கல்லாவில் நிற்பவர் என்ன சொல்கிறாரோ அதுதான் கணக்கு. அவருக்குப் பிடித்த பாட்டு ஓரிடம் மேலே போகும், கம்பெனிக்காரர் தந்த அன்பளிப்பு இரண்டிடம் மேலே தள்ளும். பிறகு சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. பார்கோடைக் கருவி படித்தால் ஒரு விற்பனை. உடனே 'கன்ட்ரி' எனப்படும் அமெரிக்க நாட்டுப்புறப் பாணிக் கலைஞர்கள் கடகடவென மேலே ஏறினார்கள். என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் அந்த ஜூனிலேயே முதலிடம் போனது. ஒரே வாரத்தில் அமெரிக்கர்களின் காது மாறிவிடவில்லை. முன்பும் இவை விற்றுக்கொண்டுதான் இருந்தன, எண்ணுகிறவர் கண்ணில் படவில்லை. 1990-ஐயும் 1992-ஐயும் ஒரே கோட்டில் வரைந்து காட்டுகிறவரிடம் இதை நினைவூட்டுங்கள்.

தங்கத் தட்டு, பிளாட்டினம் தட்டு பற்றி நான்கு வார்த்தை. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் 1958-இல் தங்கச் சான்று தரத் தொடங்கியபோது ஆல்பத்துக்கு அளவுகோல் பணம்: பத்து லட்சம் டாலர். 1975-இல் ஐந்து லட்சம் பிரதிகள் என்ற எண்ணிக்கையையும் சேர்த்தார்கள். அதுவும் கடைக்கு அனுப்பிய எண்ணிக்கை. 1978-இல் கிஸ் என்ற ராக் குழுவின் நான்கு பேரும் ஆளுக்கொரு ஆல்பம் போட்டபோது, கம்பெனி ஒவ்வொன்றையும் பத்து லட்சத்துக்கு மேல் அனுப்பிவைத்தது. ஏராளமாகத் திரும்பி வந்தன. சான்றிதழ் மட்டும் திரும்பி வரவில்லை.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தரும் விஷயம் ஒன்று உண்டு. ஜோயல் விட்பர்ன் பில்போர்டு பட்டியல்களைத் தொகுத்ததில் மாபெரும் உழைப்பாளி, அதில் ஐயமில்லை. ஆனால் 1986-இல் அவர் வெளியிட்ட ஒரு தொகுப்பு 1890-லிருந்தே பாடல்களுக்கு இடம் போட்டது. சில்லறை விற்பனையை வைத்துப் பில்போர்டு வாரப் பட்டியல் போடத் தொடங்கியதே 1940-இல். அதற்கு முந்தைய பல்லாண்டுகளுக்குப் பட்டியலே இல்லாதபோது, கிடைத்த பலவிதத் துணுக்குகளிலிருந்து இடங்களை உருவாக்கியிருந்தார். டிம் புரூக்ஸ் போன்ற ஆய்வாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். என்ன பயன்? '1905-இல் முதலிடம்' என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வெற்றிடத்தை வெற்றிடமாக விட்டுவைக்க மனசு வராததன் பலன் இது.

நம்மிடம் என்ன இருக்கிறது? 1952-இல் இலங்கை வானொலியில் அமீன் சயானி நடத்தத் தொடங்கிய பினாகா கீத்மாலா இந்தித் திரைப்பாடல்களை வரிசைப்படுத்தியது. கடை விற்பனையோடு நேயர் மன்றங்களின் வாக்கையும் சேர்த்துக்கொண்டது. அதை விற்பனைப் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் அருமையான ஆவணம்.

தமிழுக்கு? 80களில் இந்த ஊரில் இளைஞராக இருந்தவர்கள் சொல்லுங்கள், எத்தனை பேர் கம்பெனி கேசட் வாங்கினீர்கள்? கேட்ட பாட்டைப் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டரில் டிடிகே 90 நிமிட வெற்றுக் கேசட்டையோ மெல்ட்ராக் 60 நிமிடத்தையோ கொடுத்து, ஒரு தாளில் பாட்டு வரிசையை எழுதி நீட்டியவர்கள்தானே அதிகம்? (கைகள் உயர்கின்றன) அந்தக் கேசட்டில் ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் நான்கு படம். எந்தக் கம்பெனிக் கணக்கிலும் அது ஏறவில்லை. எச்.எம்.வி. இசைத்தட்டுக் கம்பெனி தன் பேரேட்டை முழுக்கத் திறந்து காட்டினாலும் நாம் கேட்டதில் பெரும்பகுதி அதில் இருக்காது.

ஆனால் ஒன்று இருந்தது. அந்தக் கடைகளில் ஒரு நோட்டு இருக்கும். யாருக்கு, என்ன பாட்டு, எந்த வரிசையில், எப்போது தர வேண்டும் என்று எழுதிய நோட்டு. அரூரிலோ பென்னாகரத்திலோ பாலக்கோட்டிலோ ஏதாவது பரணில் ஒன்று மிச்சமிருந்தால், எடைக்குப் போடும் முன் படம் எடுத்துவிடுங்கள். பக்கங்களை வரிசை மாற்றாதீர்கள். வாடிக்கையாளர் பெயர், முகவரி இருந்தால் மறைத்துவிடலாம். கடை இருந்த தெரு, நோட்டின் ஆண்டு, 60-ஆ 90-ஆ, வாங்கிய கூலி, இதெல்லாம் வேண்டும். இரண்டு கடைகளின் நோட்டுகள் கிடைத்து, ஒன்றில் ஒரு படமும் மற்றதில் வேறு படமும் முன்னால் நின்றால், தயவுசெய்து கூட்டிவிடாதீர்கள். ஒன்று பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையாக இருக்கும், மற்றது கல்லூரிக்கு எதிரே இருந்ததாக இருக்கும். தனித்தனியாகவே வையுங்கள்.