ஜாலான் டூத்தா முதல் பினாங்குப் பாலம் வரை: டோல் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வணக்கம். மலேசியத் தலைநகர் கோலாலம்பூரின் ஜாலான் டூத்தா டோல் சாவடியில், முன்கூட்டியே பணம் நிரப்பிப் பயன்படுத்தும் டச் அன் கோ அட்டையைத் தொட்டுவிட்டு வடக்கே பினாங்கு நோக்கிப் புறப்படும் ஓட்டுநர், அந்த இடத்தில் ஒரு காசும் செலுத்துவதில்லை. வாகனம் எந்தச் சாவடி வழியாக நுழைந்தது என்ற விவரம் மட்டுமே அங்கே பதிவாகிறது. முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, ஈப்போவையும் தைப்பிங்கையும் கடந்து, பினாங்கு மாநிலத்தின் ஜூரு சாவடியில் அதே அட்டையை மீண்டும் தொடும்போதுதான் தூரம் கணக்கிடப்பட்டுப் பணம் கழிக்கப்படுகிறது. இதுவே மூடிய முறை.

[திரையில்: ஜூரு சாவடியின் கட்டணப் பலகை]

இந்த முறையில் நுழையும்போது தொட்ட அட்டையை வெளியேறும்போதும் பயன்படுத்த வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே வந்தது ஒரு அட்டையிலும் வெளியேறுவது வேறொரு அட்டையிலும் என்றால், நுழைந்த இடம் தெரியாமல் தடுப்புக் கம்பி உயராது; பின்னால் ஹாரன் ஒலிக்கத் தொடங்கிவிடும். கண்ணாடியிலோ முகப்பு விளக்கிலோ ஒட்டப்படும், சாவடிக் கருவி தானாகவே படித்துக்கொள்ளும் ஆர்எஃப்ஐடி வில்லைக்கும் இதே விதிதான். வில்லையில் நுழைந்தவர் அட்டையைத் தொட்டு வெளியேற முடியாது.

கெடாவின் புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாரு வரை 772 கிலோமீட்டர் நீளும் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அதை நிர்வகிக்கும் பிளஸ் நிறுவனம், 2020 பிப்ரவரியில் கட்டணத்தை 18 விழுக்காடு குறைத்தது. அதற்கு ஈடாக, டோல் வசூலிக்க அதற்கு இருக்கும் உரிமைக் காலம் 2058 வரை நீட்டிக்கப்பட்டது. ஆகவே, கார்களுக்குக் கிலோமீட்டருக்கு 13.6 சென்னாக (100 சென் ஒரு வெள்ளி, அதாவது ரிங்கிட்) இருந்த கட்டணம் சுமார் 11.15 சென்னாக இறங்கினாலும், அதைச் செலுத்த வேண்டிய ஆண்டுகள் கூடிவிட்டன; இதை முழுச் சலுகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிளஸ் பங்குகளில் 49 விழுக்காடு ஊழியர் சேமநிதி வாரியத்திடம் இருக்கிறது என்பதையும், அதாவது டோல் கட்டணத்தைத் திட்டுகிற நம்மில் பலருடைய சேமிப்பும் அதில் கலந்திருக்கிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஜூருவைக் கடந்து பிறை என்ற ஊரை அடைந்தால் கணக்கு மாறுகிறது. நிலப்பகுதியைப் பினாங்குத் தீவோடு இணைக்கும், 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலத்தில் நடப்பிலிருப்பது திறந்த முறை: தூரம் பார்க்கப்படுவதில்லை, ஒரே தொகை உடனே கழிக்கப்படும். 2020 குறைப்பின்போது கார்களுக்கான கட்டணம் 7 வெள்ளியிலிருந்து 5 வெள்ளி 74 சென்னானது. தீவுக்குச் செல்லும் திசையில் மட்டுமே அது வசூலிக்கப்படுகிறது. திரும்பும்போது யாரும் நிறுத்துவதில்லை. மோட்டார் சைக்கிள்களுக்கு 2019 ஜனவரி முதல் இந்தப் பாலத்திலும் தீவின் இரண்டாவது பாலத்திலும் கட்டணமே இல்லை.

தெற்கிலிருந்து தீவிலுள்ள பாயான் லெப்பாஸ் செல்பவர்களுக்கு, 2014இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இரண்டாவது பாலமும் உண்டு. பத்து காவானில் நெடுஞ்சாலையை விட்டு விலகுவதால் அவர்கள் ஜூருவின் நெரிசலைத் தவிர்க்கலாம். பாலக் கட்டணம் மட்டும் அங்கே சற்றுக் கூடுதல்.