பிள்ளைகள் ஆடுவார்கள், கூடம் எங்கே?

(நாடகப் பிள்ளைகளைப் பாராட்டுவதற்காகப் பெற்றோர் நாங்கள் திருகோணமலையில் நடத்திய விழாவில் பேசியது. வர முடியாமல் போனவர்கள் கேட்டார்கள், அதனால் எழுதிப் போடுகிறேன். அங்கே பேசியது பேசியபடியேதான் இருக்கிறது.)

இந்த விழாவுக்குத் தலைமை தாங்கும் அதிபர் ஐயா அவர்களே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, வேறு கூட்டம் ஒன்றை ஒத்திவைத்துவிட்டு இங்கே வந்திருக்கும் வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, அழகியல் பாடங்களுக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் அம்மா அவர்களே, கிராம உத்தியோகத்தர் தம்பி அவர்களே, ஒலிபெருக்கியையும் கதிரைகளையும் காசு வாங்காமல் தந்த அண்ணன் அவர்களே, மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் குச்சவெளியிலும் இருந்து விடியற்காலை பஸ் ஏறி வந்த அம்மாமார், அப்பாமார், அம்மம்மாமார் அனைவருக்கும், எல்லோருக்கும் மேலாக முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் நடிகர்களுக்கும் என் வணக்கம். பணிப்பாளர் ஐயா வந்ததற்குத் தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்புக்கும் பணிப்பாளர்கள் வருவார்கள், நாடகப் பிள்ளைகளுக்கென்று மட்டும் நடக்கும் விழாவுக்கு ஒரு பணிப்பாளர் வந்து கடைசி வரைக்கும் இருக்கிறேன் என்று சொன்னதை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். ஒன்று, பிள்ளை நாடகத்தில் நடித்தால் பெற்றோர் அதை எப்படிக் கொண்டாடுவது. இரண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு இந்த ஊரில் ஒத்திகைக்கு இடம் எங்கே. மூன்று, நாடகம் படிப்பிக்கும் ஆசிரியர்களின் நிலைமை.

என் அம்மம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்லுவா: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாடத்தில் குறைந்த மார்க் எடுத்துவிட்டு வாத்தியாரைக் குறை சொன்னால் இந்தப் பழமொழி, சோறு குழைந்துபோய் அடுப்பைக் குறை சொன்னாலும் இதே பழமொழி. இன்றைக்கு நானும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் கொண்டாட்டம். நம் வீடுகளில் ஒரு பிள்ளை பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தால் என்ன நடக்கிறது? மண்டபம் எடுக்கிறோம், அழைப்பிதழ் அடிக்கிறோம், லண்டனில் இருந்து மாமாவும் கனடாவில் இருந்து சித்தியும் வருகிறார்கள், வந்தவர்களுக்கு இலை போட்டுச் சாப்பாடு. அதைக் குறை சொல்ல மாட்டேன், அந்தப் பிள்ளை வருடக்கணக்காக உழைத்த உழைப்புக்கு அது வேண்டும். ஆனால் அதே வீட்டில் தம்பி நாடகத்தில் நடித்து, வலயத்தில் வென்று, மாகாணத்துக்குப் போய்விட்டு வந்தால், "சரி, இனிப் புத்தகத்தை எடு" என்கிறோம். அதோடு அவன் கதை முடிந்தது. ஒரு போட்டோ முகநூலில் போடுகிறோம், அதிலும் முதலிடம் என்றால்தான். மூன்று மாதம் வசனம் பாடமாக்கி, அடுத்தவன் பேசும்வரை காத்திருந்து, மேடையில் விளக்கு அணைந்தபோதும் நடுங்காமல் நின்ற பிள்ளைக்கு வீட்டில் ஒரு பாயாசம்கூடக் கிடையாது.

நம்முடைய பழைய ஆட்கள் இப்படி இல்லை. மட்டக்களப்புப் பக்கத்துக் கூத்து மரபைப் பாருங்கள். கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஆட்களைத் தெரிந்து சட்டம் கொடுப்பார், அதாவது இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்று ஏட்டைக் கையில் கொடுப்பது. அதுவே ஒரு சடங்கு. அப்புறம் ஆட்டம் பழகிப் பழகிக் கால் பிடிபட்டதும் சதங்கை அணி விழா, அதற்கும் ஊர் கூடும். பிறகு அடுக்குப் பார்த்தல், அதாவது முழு ஒத்திகை, அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். அரங்கேற்றம் முடிந்த பிறகும் விடுவதில்லை, வீட்டுக்கு வீடு போய் ஆடுவார்கள், ஒவ்வொரு வீடும் அவர்களை வரவேற்று மரியாதை செய்யும். பரிசு கிடைத்ததா என்று ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளை ஏட்டைக் கையில் வாங்கின நாளிலேயே கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. ஆகவே அம்மாமாரே, உங்கள் பிள்ளை "அம்மா, எனக்கு ஒரு பாத்திரம் தந்திருக்கிறார்கள்" என்று சொல்லும் அன்றைக்கே பாயாசத்தை வையுங்கள். அது இராசா வேடமாக இருந்தாலும் சரி, மரமாக நிற்கும் வேடமாக இருந்தாலும் சரி. திரை இழுக்கிற பிள்ளைக்கும் வையுங்கள். அந்தப் பிள்ளை ஒரு கணம் பிந்தினால் இராசா பாதி மேடையில் அப்படியே நிற்க வேண்டியதுதான்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சொந்தப் பிள்ளையின் காட்சி முடிந்ததும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிப் போகாதீர்கள். அடுத்தவர் பிள்ளையையும் பாருங்கள், அதற்கும் கை தட்டுங்கள்.

ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குக் கூச்சம். மூதூர்ப் பக்கம், கடல் தொழில். மகன் பாடசாலை நாடகத்தில் இராவணன். இங்கே நகரத்தில் மாகாணப் போட்டி. இராவணன் என்றால் பத்துத் தலை வேண்டுமே! ஒரு தலை பையனுடையது, மிச்சம் ஒன்பதையும் கார்ட்போட் மட்டையிலும் பழைய பேப்பரிலும் கோதுமை மாப் பசை பூசிச் செய்து, ஒரு கம்பிச் சட்டத்தில் வரிசையாகக் கட்டி, தங்கக் கடதாசியில் கிரீடமும் வைத்திருக்கிறார்கள். செய்து முடித்த பிறகுதான் தெரிந்தது, அது வான் வண்டியின் கதவுக்குள் போகாது. பிள்ளைகள் எல்லோரும் முதல் நாளே வானில் வந்துவிட்டார்கள், தலைகள் மட்டும் ஊரில் நின்றுவிட்டன. தகப்பன் அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை. விடிய நாலரைக்கு அந்தச் சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நின்றார். கொண்டக்டர் பார்த்தான், பார்த்துவிட்டு, "ஐயா, ஒன்பது பேருக்கும் ரிக்கெற் எடுங்கோ" என்றான். இவர் உடனே, "எடுக்கிறன் தம்பி, பத்தாவது ஆள் நேற்றே வானில போயிட்டார்" என்றாராம். பஸ் முழுக்கச் சிரிப்பு. கிண்ணியாப் பாலம் தாண்டும்போது ஒரு அம்மா தன் மடியில் மூன்று தலையை வாங்கி வைத்துக்கொண்டு வந்தாவாம், நசுங்கிவிடும் என்று.

பஸ் நிலையத்தில் இறங்கினால் மழை. மார்கழி மழை, உங்களுக்குத் தெரியும்தானே, வாடை தொடங்கினால் இங்கே குடையும் நிற்காது. ஓட்டோக்காரர் பார்த்துவிட்டு "இது உள்ளே போகாது அண்ணே" என்று போய்விட்டார். தகப்பன் தன் சேட்டைக் கழற்றித் தலைகளுக்குப் போர்த்திக்கொண்டு மண்டபம் வரைக்கும் நடந்தார். ஏழு தலையைத்தான் காப்பாற்ற முடிந்தது. ஓரத்தில் இருந்த இரண்டும் ஊறி, பசை விட்டு, கையோடு வந்துவிட்டன. பையன் பார்த்துவிட்டு அழத் தொடங்கிவிட்டான். தகப்பன் சொன்னார், "எட்டுத் தலையோட ஆடு தம்பி, சனம் எண்ணாது."

சனம் எண்ணாதுதான். ஆனால் முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை இருந்தது. திரை விலகி இராவணன் வந்து நின்றதும் அது சத்தமாக எண்ணத் தொடங்கியது. ஒண்டு, ரெண்டு, மூண்டு... எட்டு! "அம்மா, ரெண்டு தலையக் காணேல்ல!" மண்டபம் முழுக்கக் கேட்டது. திரைக்குப் பின்னால் ஆசிரியை கண்ணை மூடிக்கொண்டாராம். மேடையில் நின்ற பையன் என்ன செய்தான் தெரியுமா? அந்தப் பிள்ளையின் பக்கம் மெல்லத் திரும்பி, அதே இராவணன் குரலில், "இரண்டு தலையைக் கோணேசர் பாதத்தில் வைத்துவிட்டு வந்தேன், மிச்சம் எட்டும் இராமனுக்குப் போதும்!" என்றான். கோணேசர் கோயிலும், பக்கத்திலேயே இராவணன் வெட்டினதாகச் சொல்கிற இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவும் இருக்கிற ஊரில் இதைச் சொன்னால் எப்படி இருக்கும்! கைதட்டு நிற்கவில்லை, நடுவர்களும் தட்டினார்கள். முதலிடம் கிடைக்கவில்லை. தகப்பன் இடத்தைப் பற்றிக் கேட்கவும் இல்லை. திரும்பிப் போகிற பஸ்ஸில் ஏறினவர் இறங்கினவர் எல்லோரிடமும், "இது என்ட மகன் போட்ட தலை" என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். இன்றைக்கும் அந்தச் சட்டம் அவர் வீட்டுச் சுவரில் வலைக்கு மேலே தொங்குகிறது, அதே ஏழு தலையோடு. இரண்டு தலையைப் புதிதாகச் செய்து ஒட்டித் தருகிறோம் என்று பிள்ளைகள் கேட்டார்கள், அவர் விடவில்லை.

நீங்கள் சிரித்தீர்கள், கை தட்டினீர்கள், எனக்கும் சந்தோஷம். ஆனால் அந்தத் தலைகள் ஏன் பஸ்ஸில் வந்தன? நகரத்தில் அவற்றை முன்கூட்டியே கொண்டுவந்து பூட்டி வைக்க ஓர் அறை இல்லை. அந்தப் பிள்ளைகள் போட்டிக்கு முதல் ஒருநாளாவது ஒரு சரியான தரையில் ஆடிப் பார்த்தார்களா? இல்லை. அவர்கள் பழகியது வேப்பமரத்துக்குக் கீழே. வாடையில் மழை, கச்சான் காற்று தொடங்கினால் கண்ணுக்குள் புழுதி. வகுப்பறையில் பழகலாம் என்றால் மேசை கதிரையை ஒதுக்குவதற்கே முக்கால் மணித்தியாலம் போகும், பக்கத்து அறையில் மேலதிக வகுப்பு நடக்கும், "சத்தம் போடாதீங்கோ" என்று ஆள் வரும். சத்தம் போடாமல் எப்படி இராவணன் ஆடுவது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் பிள்ளைகளுக்கு ஆடத் தெரியும் ஐயா, கோணலாகவாவது ஒரு கூடம் எங்கே?

மண்டபங்கள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். இருக்கின்றன. அவை கல்யாணத்துக்கும் பரிசளிப்புக்கும் கூட்டத்துக்கும் கட்டினவை. வாடகை கட்டி ஒருநாள் நாடகம் போடலாம், மூன்று மாத ஒத்திகைக்கு யார் வாடகை கட்டுவது? ஒருமுறை எங்கள் பிள்ளைகள் ஒரு மண்டபத்தில் பழகிக்கொண்டிருந்தபோது, கல்யாண அலங்காரக்காரர் வந்துவிட்டார் என்று பாதியில் வெளியே அனுப்பிவிட்டார்கள். என் மகள் அழவில்லை. கோபத்தில் மதிலுக்கு வெளியே நின்று தன் வசனம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

இந்த ஊருக்கு நாடகம் புதிதில்லை. 1920களில் இங்கே இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர் சுவாமி விபுலாநந்தர். சேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழருக்கு விளக்கி அவர் எழுதிய மதங்க சூளாமணி வந்தது 1926-இல். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தனும் அவருடைய மாணவர் மௌனகுருவும் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆடின இராவணேசன், நம் கோணமலை இராவணனின் கதைதான். 1978-இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார், நடிப்பையும் ஒழுங்காகப் பழக வேண்டும், பழக்க வேண்டும் என்பதற்காக. இன்றைக்கு நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடம், மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பட்டமே எடுக்கலாம். விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைக்கு ஆய்வுகூடம் வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறோம். நாடகம் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் வேப்பமரம் போதுமா?

நாங்கள் கேட்பது பெரிய கலையரங்கம் இல்லை, பணிப்பாளர் ஐயா, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். முப்பது அடிக்கு நாற்பது அடி, தூண் இல்லாத ஒரு கூடம். உயர்ந்த மேடை வேண்டாம், சமதரை போதும். சுற்றிவரச் சனம் இருக்க நடுவில் வட்டக்களரியாகவும் ஆடலாம், ஒரு பக்கம் திரை கட்டியும் ஆடலாம். தகரக் கூரை போட்டால் உள்ளே தட்டி அடித்துத் தாருங்கள், இல்லாவிட்டால் மழைக்கு வசனம் கேட்காது. உடுப்பும் தலையும் வைத்துப் பூட்ட ஓர் அறை, பெண்பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை, வாசலில் ஒரு லைற். நகரத்துப் பாடசாலை, கிராமத்துப் பாடசாலை என்று பார்க்காமல் முறை வைத்துத் திறப்பைக் கொடுக்க ஒரு பெற்றோர் குழு, அந்தக் குழுவில் கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் வெருகலுக்கும் ஆள் இருக்க வேண்டும். பாவிக்காமல் பூட்டிக் கிடக்கிற அரசாங்கக் கட்டடம் ஒன்றைத் திருத்தித் தந்தாலும் போதும். சுவருக்கு வெள்ளை அடிக்க நாங்களே வருவோம், மேசன் வேலை தெரிந்த அப்பாமார் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்... பாருங்கள் ஐயா!

இந்தக் கூடத்தைக் கேட்பதும் பிள்ளையைக் கொண்டாடுவதுதான் என்று நான் நினைக்கிறேன். மாலை வாடிவிடும், பொன்னாடை அலுமாரிக்குள் போய்விடும், அடுத்த வருடம் வருகிற பிள்ளைக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்று சொன்னால் அது சாட்டு. ஆடத் தெரிந்த பிள்ளைகளின் பெற்றோர் கூடம் வேண்டும் என்று கேட்டால் அது நியாயம்.

தலைவர் மணியைப் பார்க்கிறார், அதனால் மூன்றாவது விஷயமான ஆசிரியர்களின் நிலைமையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். வாசலில் மேசையில் மகஜர் இருக்கிறது, போகும்போது இல்லை, இடைவேளையிலேயே கையெழுத்து வையுங்கள். பெயரோடு ஊரையும் பிள்ளையின் பாடசாலையையும் எழுதுங்கள். அம்மம்மாமாருக்கு எழுத்துச் சின்னதாக இருந்தால் அங்கே நிற்கும் பிள்ளைகள் வாசித்துக் காட்டுவார்கள். பணிப்பாளர் ஐயா போவதற்கு முதல் அது அவர் கையில் இருக்க வேண்டும். இனி தம்பலகாமத்துப் பிள்ளைகள் வருகிறார்கள், முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தால் அவர்களுக்கு ஆட இடம் கிடைக்கும். நன்றி, வணக்கம்.