பெஸ்ஸி கோல்மன் பெல்ட் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரா?

ஒரு நேயர் கேட்கிறார்: "பெஸ்ஸி கோல்மன் விமானத்திலிருந்து விழுந்து இறந்தார் என்று சென்ற காணொளியில் சொன்னீர்கள். பெல்ட் போடாமல் பறந்தது அவருடைய அலட்சியம்தானே?"

இந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. பெஸ்ஸி ஓர் அமெரிக்கக் கறுப்பினப் பெண் விமானி. நடந்ததைச் சொல்கிறேன்.

1926 ஏப்ரல் 30, புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரம். மறுநாள் அங்கே வான் சாகசக் காட்சி. பெஸ்ஸி பாராசூட்டில் குதிப்பதாக இருந்தது. குதிக்க ஏற்ற இடம் பார்க்கத்தான் அன்று காலை கிளம்பினார். விமானத்தை ஓட்டியவர் அவருடைய மெக்கானிக் வில்லியம் வில்ஸ், வயது 24. மேலே மூடியில்லாத விமானம் அது. பெஸ்ஸி உயரம் குறைந்தவர். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் விளிம்புக்கு மேல் எட்டித் தரையைப் பார்க்க முடியாது. பார்க்கத்தானே போனார்!

சுமார் 10 நிமிடங்களில் விமானம் திடீரென்று மூக்கைக் கவிழ்த்துப் பாய்ந்து, சுழன்று புரண்டது. பெஸ்ஸி வெளியே வீசப்பட்டார். வில்ஸ் விழவில்லை; விமானத்தோடு தரையில் மோதினார். அவரும் இறந்தார். இருக்கையிலேயே இருந்தவரும் பிழைக்கவில்லையே, பெல்ட்டைக் குறை சொல்லி என்ன பயன்?

கருகிய சிதைவுகளில், கட்டுப்பாட்டுக் கருவிகளுக்குள் ஒரு ஸ்பேனர் சிக்கியிருந்தது. பழுது பார்த்தபோது விட்டுப்போனது என்பார்கள். விமானம் பழைய கர்டிஸ் ஜென்னி. முதல் உலகப் போருக்குப் பயிற்சி விமானமாகச் செய்து, போர் முடிந்ததும் மலிவாகத் தள்ளிவிட்ட வகை. ஊர் ஊராகப் போய் வித்தை காட்டிய விமானிகள் பலருக்கும் அதுதான் கட்டுப்படியானது. டல்லஸிலிருந்து இதை ஓட்டி வந்தபோதே வில்ஸ் வழியில் மூன்று முறை அவசரமாகத் தரையிறக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்ணுக்குப் பறக்கக் கற்றுத்தர எந்தப் பள்ளியும் முன்வராததால், பிரெஞ்சு படித்து, பிரான்ஸுக்குக் கப்பலேறி, 1921 ஜூன் 15 அன்று சர்வதேச உரிமம் பெற்றவர் பெஸ்ஸி. அவரையா அலட்சியக்காரர் என்பது?

விமானம் பறக்கத் தகுதியானதா என்று சோதிக்க அப்போது அந்த நாட்டில் மத்தியச் சட்டமே இல்லை. அதற்கு வழிசெய்த சட்டத்தில் அதிபர் கூலிட்ஜ் கையெழுத்திட்டது 1926 மே 20. பெஸ்ஸி இறந்து 20 நாட்கள் ஆகியிருந்தன.